கூண்டு மேல கம்பெனி பேர் இருக்கு, உள்ள மரத்தைக் காணோம்

கொசப்பேட்டைக்காரன் · காலை 7.52

டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து தினமும் கொசப்பேட்டையிலிருந்து வேலூர்க் கோட்டை வரைக்கும் போய், அகழியை ஒட்டி ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். நேத்து திரும்பும்போது ஒரு ரோட்டுல மரக்கன்னுக்குப் போட்டிருக்கற கம்பிக்கூண்டுகளை எண்ணினேன். வேற வேலை இல்ல, வெயிலும் ஏறல. மொத்தம் 14 கூண்டு. மரம் இருந்தது 3-ல. ஒண்ணுல டீ கப்பாப் போட்டு இடுப்பு உயரத்துக்கு ரொப்பி வெச்சிருக்காங்க. இன்னொண்ணுல பக்கத்து டிபன் கடை துடைப்பமும் தட்டுமுட்டும் பத்திரமா இருக்கு.

மரம் இருக்கற ஒரு கூண்டுகிட்ட நின்னுட்டேன். புங்கன். தொடை தண்டிக்கு வளந்திருச்சு. கூண்டோட மேல் வளையம் பட்டைக்குள்ள புதைஞ்சு போச்சு. கம்பிக்கு மேலயும் கீழயும் பட்டை உதடு மாதிரி வீங்கி, கம்பியைக் கவ்விக்கிட்டு நிக்குது. முன்னாடி மாட்டின தகடு மட்டும் நேத்து அடிச்ச மாதிரி இருக்கு: கம்பெனி பேரு, முத்திரை, பசுமைன்னு ஆரம்பிக்கற ஒரு வரி.

அங்க ஏன் நின்னேன்னா, அந்தக் கம்பெனி நடத்தின மரம் நடற விழாவுல நானும் இருந்தேன். அன்னைக்குக் குடுத்த டி-சர்ட் இன்னும் வீட்ல வண்டி துடைக்கக் கிடக்கு. ஒம்பது மணிக்கு வரச் சொன்னாங்க, பெரிய மனுஷங்க வந்தது பதினொன்றரைக்கு. ஒரே கன்னை நாலு குழு நட்டுச்சு. ஒரு குழு மண்ணைத் தள்ளும், போட்டோ எடுப்பாங்க, மண்ணை வாரி வெளிய போடுவாங்க, அடுத்த குழு வரும். நான் மூணாவது குழு.

என் கேள்வி ஒண்ணுதான். அன்னைக்கு நான் செஞ்சது சேவையா, இல்ல அவங்க விளம்பரத்துல சம்பளம் வாங்காம நடிச்சேனா?

ஆஃபீசர்ஸ்லைன் · காலை 8.30

14-ல 3 பொழைச்சிருக்கே, அதை ஏன் பாக்க மாட்டேங்கறீங்க? கம்பெனி வரலேன்னா 14-ல சைபர். நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு மரம் வைக்க நாம கைக்காசு போட்டிருக்கோமா? அவன் பேரைப் போட்டுக்கறான், போட்டுக்கட்டும். காசு குடுத்தவன் பேரைப் போடறதுல என்ன குத்தம்? கோயில்ல டியூப்லைட் வாங்கிக் குடுத்துட்டு வெளிச்சமே வராத அளவுக்கு உபயம்னு எழுதி வைக்கற ஊருதானே இது.

நெறியாளர் · காலை 8.41

ஒரு வேண்டுகோள். கம்பெனி, ஆஸ்பத்திரி, காலேஜ் பேர் எதையும் போட்டுக் குறை சொல்ல வேண்டாம். போன இழை அப்படித்தான் பூட்ட வேண்டியதாப் போச்சு.

கணக்குப்புள்ள · காலை 10.15

ஏழு வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துல கம்பெனிப் பணத்துக்குக் கணக்கு எழுதினவன் நான். கொஞ்சம் உள்விவரம் சொல்றேன்.

2013 கம்பெனிச் சட்டத்துல 135-ஆம் பிரிவு. 2014 ஏப்ரல் 1-லேர்ந்து அமல். நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்கணும். அதாவது அந்தக் கூண்டு தர்மம் இல்ல, கடமை. வரி கட்டிட்டு ரசீதை ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டற மாதிரிதான் அந்தத் தகடு.

இன்னொண்ணு. கம்பெனி தன் பொருளுக்கு விளம்பரப் பலன் வர்ற மாதிரி ஸ்பான்சர் பண்ணினா அது இந்த 2 சதவீதத்துல சேராது. 2021-ல விதியிலயே எழுதிட்டாங்க. மாரத்தான், விருது விழா மாதிரி ஒரு நாள் கூத்தும் சேராதுன்னு 2014 சுற்றறிக்கையிலயே இருக்கு. தன் ஊழியருக்கு மட்டும் செய்யறதும் சேராது. அப்பறம் எப்படி டி-சர்ட்டும் மேடையும் வருதுன்னு கேப்பீங்க. அது வேற தலைப்புல, விளம்பர பட்ஜெட்ல வரும். பல இடத்துல மரத்துக்குப் போற காசைவிட மரம் நடற நாளுக்குப் போற காசு அதிகம். என் கையால எழுதின ரசீது இருக்கு: கன்னு, குழி, கூண்டு எல்லாம் சேர்ந்து ஒரு தொகை, ஷாமியானா, மைக் செட்டு, பொன்னாடை, டிபன் சேர்ந்து அதுக்கு மேல.

இதெல்லாம் விடுங்க. எனக்கு இன்னைக்கும் பொறுக்க முடியாதது ஒண்ணு இருக்கு. மரம் எந்த மாசம் நடறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? மார்ச். நிதியாண்டு 31-ஆம் தேதி முடியுது, பணம் மிச்சம் இருக்கு, போட்டுத் தள்ளு. வேலூர்ல பங்குனியில கன்னு வெச்சா என்ன ஆகும்? சித்திரையில வாடும், அக்கினி நட்சத்திரத்துல சுள்ளி ஆயிடும். எந்த விவசாயியும் செய்ய மாட்டான். அதை விட்டா ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம். புரட்டாசி, ஐப்பசியில நட்டா வானமே தண்ணி ஊத்தும், ஆனா அந்த மாசத்துல அவங்க நாட்காட்டியில ஒண்ணும் இல்லியே.

சட்டத்து மேல பழி போட முடியாது. தொடர் திட்டம்னு எழுதினா, செலவாகாத பணத்தை வருஷம் முடிஞ்சு 30 நாளுக்குள்ள தனிக் கணக்குல போட்டு, மூணு வருஷத்துக்குள்ள செலவழிக்கலாம். அந்த மூணு வருஷமும் ஒரு ஆளு குடம் எடுத்துத் தண்ணி ஊத்தக் கூலி எழுதலாம். எழுத மாட்டாங்க. குடத்தோட நிக்கற ஆளைப் போட்டோ எடுத்து என்ன பண்றது?

லாங்குபஜார் ஆட்டோ · மதியம் 1.05

இன்னா சார் எல்லாரும் மரத்துலயே நிக்கறீங்கோ. நம்ம ஸ்டாண்டு கதை கேளுங்கோ.

எங்க ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பழைய இரும்புக் கடைக்காரரு வருசா வருசம் மாசி போயி பங்குனி வர சொல்லோ ரெண்டு மண்பானை வெப்பாரு. மேல ஈரத்துணி, வெட்டிவேரு. டம்ளரு சங்கிலியில கட்டி இருக்கும். தண்ணி தீந்தா நாங்களே ரொப்பிக்குவோம், யாரு சவாரி இல்லாம கீறானோ அவன் போயி குழாயில புடிச்சாந்து ஊத்துவான். போர்டு கீர்டு ஒண்ணியும் கெடையாது.

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு கம்பெனி வந்துச்சு. அதே எடத்துல பந்தல், சுத்தி ஃப்ளெக்ஸு, தர்பூசு, மோரு, வெள்ளரிப் பிஞ்சு. மொத நாளு ஜோரு. ரெண்டாம் நாளு மோரு. மூணாம் நாளு தண்ணி கேனு. அஞ்சாம் நாளு கேனு காலி. ஆனா பந்தலும் ஃப்ளெக்ஸும் ஜூன் வரைக்கும் நின்னுச்சு. கடைக்காரரு பானைய எடுத்து உள்ள வெச்சிட்டாரு, "அதான் பெரிய எடத்துல பாத்துக்கறாங்களே"ன்னாரு. அடுத்த வருசமும் வெக்கல. வுட்டுப் போச்சு சார். தாகம் மட்டும் வுடல.

ஆஃபீசர்ஸ்லைன் · மதியம் 1.40

அண்ணே, கோச்சுக்காதீங்க. பானையை உள்ள எடுத்து வெச்சது கம்பெனியா, உங்க கடைக்காரரா? நம்ம சோம்பேறித்தனத்துக்கு அவன் ஃப்ளெக்ஸைக் குத்தம் சொல்ல முடியாது.

லாங்குபஜார் ஆட்டோ · மதியம் 1.52

அதுவும் கரீட்டுதான் சார். ஆனா அந்த எடத்துல கீற நெழலு ஒண்ணே ஒண்ணு. அதுல பந்தல் நிக்க சொல்லோ பானை எங்க நிக்கும்?

தோல்ஷாப்பு மகன் · மாலை 4.20

எங்க அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடற ஷாப்புல முப்பது வருஷம் வேலை பாத்தவரு. சுண்ணாம்புத் தொட்டி. காலும் கையும் வெடிச்சுப் போய் இருக்கும், ராத்திரி தேங்கா எண்ணெ தடவிக்கிட்டுத்தான் படுப்பாரு.

நான் ஸ்கூல் படிக்கறப்ப வருஷா வருஷம் ஒரு கம்பெனி நோட்டு குடுக்கும். அட்டை மேல அவங்க பேரு, பின்அட்டையில "நீரின்றி அமையாது உலகு". அந்த நோட்டை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தா எங்க கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும். பருப்பு வேகாது. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். நோட்டு குடுத்தவங்கதான் கிணத்தைக் கெடுத்தாங்கன்னு நான் சொல்லல, அந்தப் பக்கத்துல எத்தனையோ ஷாப்பு. ஆனா பின்அட்டையைப் படிக்கறப்பல்லாம் எனக்கு அந்த மாட்டு மூஞ்சிதான் ஞாபகம் வரும்.

தன்னார்வப் பணின்னு பேசறோமே, இந்த மாவட்டத்துல நடந்த பெரிய தன்னார்வப் பணி எதுன்னு கேட்டா நான் ஒண்ணுதான் சொல்லுவேன். தோல் ஷாப்புக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல உச்ச நீதிமன்றம் போச்சே, அது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு அப்பப் பேரு. தோல் பதனிடற பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பாழாச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. கெடுத்தவனே ஈடு கட்டணும், சரி செய்யற செலவும் அவனுதேன்னு கோர்ட்டு சொல்லிச்சு. ஷாப்பு ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம் வேற. இன்னைக்கு இந்தியா முழுக்க சட்டக் கல்லூரியில வேலூர் பேரைச் சொல்லித்தான் அந்தப் பாடம் நடக்குது. அதுக்கு எந்தக் கம்பெனியாவது டி-சர்ட் அடிச்சுக் குடுத்திருக்குமா?

கம்பெனிக் காசுல மரம் நடலாம், குளம் வெட்டலாம், நோட்டு குடுக்கலாம். ஒரே ஒரு வேலை மட்டும் செய்ய முடியாது. கம்பெனியைக் கேள்வி கேக்க முடியாது. ஊர்ல இருக்கற நாலு குழுவும் அவங்க காசுல ஓடினா, அஞ்சாவதா கேள்வி கேக்க ஒரு ஆளு மிச்சம் இருக்கணுமே, அவனை எங்க போய்த் தேடறது?

முள்ளுக்கத்தரி · மாலை 4.48

மேல இருக்கற பதிவுக்கு என் வணக்கம். நானும் பாலாத்து ஓரம்தான்.

அணைக்கட்டு டீச்சர் · மாலை 6.10

எல்லாரும் ஒரே பக்கம் சாயறீங்க, நான் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுக்கறேன்.

எங்க பள்ளியில ஒம்பதாவது, பத்தாவது பொண்ணுங்க மாசத்துல மூணு நாலு நாள் வர மாட்டாங்க. காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் கூட்டத்துல பேச மாட்டாங்க. கதவு இல்லாத கழிப்பறை. எழுதிப் போட்டுப் போட்டு எனக்குக் கை ஓய்ஞ்சுது. கடைசியில ஒரு கம்பெனிதான் கட்டிக் குடுத்தது. தண்ணித் தொட்டி, மோட்டார், உள்ள கொக்கி, குப்பைத் தொட்டி, எல்லாம் சரியா. வருகைப் பதிவேட்டை நான்தான் எழுதறேன், வித்தியாசம் என் கையில தெரிஞ்சுது. அந்த நன்றி எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

ஆனா திறப்பு விழா அன்னைக்கு நடந்ததையும் சொல்றேன். பிள்ளைங்களை ரெண்டு மணி நேரம் வெயில்ல நிக்க வெச்சாங்க. அதுகூடப் பரவாயில்ல. கழிப்பறை வெளிச்சுவர் முழுக்க அவங்க விளம்பர வாசகம் எழுத பெயிண்டரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நான் தலைமையாசிரியர்கிட்டப் போய் நின்னேன். "சார், ரோட்ல போற பஸ்ஸுல இருக்கறவன் எல்லாம் படிக்கற மாதிரி எழுதினா, பொண்ணுங்க உள்ள போக வெக்கப்படும்". அவர் புரிஞ்சுக்கிட்டாரு. கம்பெனியிலேர்ந்து வந்திருந்த அதிகாரியம்மாவும், ஆச்சரியம் பாருங்க, உடனே ஒத்துக்கிட்டாங்க. ஒரு சின்னக் கல்லு, உள்பக்கம். அவ்ளோதான். பேசினா கேக்கறவங்களும் இருக்காங்க.

இப்ப என் பிரச்சினை வேற. மோட்டார் ரெண்டு தடவை எரிஞ்சுது. சுத்தம் பண்ற அம்மாவுக்கு மாசச் சம்பளம் யாரு குடுக்கறது? கட்டடத்துக்குப் பணம் உண்டு, துடைப்பத்துக்கு இல்ல. ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓட்டறோம். 2022 டிசம்பர்ல அரசு ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்துல கம்பெனியும் பழைய மாணவர்களும் காசு போடலாம். அதுலயும் வந்து பேசறவங்க முதல்ல கேக்கறது ஸ்மார்ட் வகுப்பறைதான். பினாயில் வாங்க யாரும் வரிசையில நிக்கல.

விடுதி அறை 4 · இரவு 7.35

நான் இங்க ஒரு காலேஜ்ல மூணாவது வருஷம். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். சீனியர்கள் மன்னிக்கணும், எங்க தரப்பையும் கேளுங்க.

எங்களுக்குச் சேவைன்னா சான்றிதழ். வேலைக்குப் போகும்போது காட்டணும். நாட்டு நலப்பணித் திட்டத்துல ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். அதுலயாவது கிராமத்துல தங்கி அவங்க வீட்டு வாசல்ல சாப்பிடறோம், நாலு பேரோட பேர் தெரியும். கம்பெனி நடத்தற சனிக்கிழமை சேவையில எங்களை பஸ்ஸுல ஏத்தி, ஏரிக்கரையில இறக்கி, கையுறை குடுத்து, பிளாஸ்டிக் பொறுக்க வைப்பாங்க. கழிஞ்சூர் ஏரிக்கு ஒரு தடவை போனேன். நாங்க பொறுக்கின மூட்டையில பாதி, எங்களுக்குக் காலையில குடுத்த தண்ணி பாட்டிலும் டிபன் டப்பாவும்தான். சத்தியமா.

ரத்த தானம் பத்தி மட்டும் ஒரு விஷயம் சொல்லணும். இந்த ஊருக்கு வங்காளம், அசாம், பங்களாதேஷ்னு எங்கேர்ந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வர்றாங்க. லாட்ஜ் போர்டு, மெடிக்கல் போர்டெல்லாம் பெங்காலியில இருக்கும். (விளம்பரத்தால சமூகத்துக்கு நன்மை உண்டான்னு கேட்டா, பாஷை தெரியாத ஊர்ல தன் எழுத்தைப் பாத்ததும் அவங்க மூஞ்சியில வர்ற நிம்மதியைக் காட்டுவேன்.) அவங்களுக்கு இங்க சொந்தக்காரன் யாரு இருக்கான், ரத்தம் குடுக்க? எங்க விடுதியில ஒரு வாட்சப் குழு இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு "ஓ நெகட்டிவ் தேவை"ன்னு வந்தா ரெண்டு பேராவது எழுந்து போவாங்க. அதுல டி-சர்ட் கிடையாது.

கம்பெனி முகாமும் நடக்கும். அவங்க நிறுவனர் பிறந்தநாள்னா ஒரே நாள்ல நூத்துக்கணக்குல படுக்க வைப்பாங்க. பாக்கப் பெருசா இருக்கும். ஆனா எடுத்த ரத்தம் 35 நாள்தான் தாங்கும், அதுலேர்ந்து பிரிக்கற தட்டணுக்கள் அஞ்சே நாள். ஒரு தடவை குடுத்த ஆம்பளை மூணு மாசம், பொம்பளை நாலு மாசம் காத்திருக்கணும். அந்தப் பெரிய முகாமுக்கு அடுத்த மாசம் எங்க குழுவுல ஆள் கேட்டா, "இப்பத்தான் குடுத்தேன்"னு வரிசையா பதில் வரும். நோயாளி தேவைக்கும் நிறுவனர் பொறந்த தேதிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா யாருகிட்டயும் பதில் இல்ல.

கணக்குப்புள்ள · இரவு 7.50

தம்பி, இதைத்தான் நான் மார்ச் மாசம்னு சொன்னேன். நீங்க ரத்தத்துல சொல்லிட்டீங்க.

பாகாயம் பஸ் · இரவு 8.25

பேர் போடறதே தப்புன்னு பேச ஆரம்பிச்சா இந்த ஊர்ல முக்கால்வாசிக் கட்டடத்தை இடிக்கணும். அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல இங்க ஒரே ஒரு படுக்கையோட வைத்தியம் ஆரம்பிச்சாங்க. 1902-ல முதல் ஆஸ்பத்திரி எழும்பிச்சு. பேரு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி. நியூயார்க் வங்கிக்காரர் ஒருத்தர் செத்துப் போன தன் சம்சாரம் ஞாபகமா 10,000 டாலர் குடுத்தாரு, அந்தம்மா பேரை வெச்சாங்க. இன்னைக்கும் அந்தப் பேர் ஊருக்குள்ள இருக்கு. யாருக்காவது உறுத்துதா? உறுத்தல. ஏன்னா காசு வாங்கின அம்மா போட்டோ புடிச்சுக்கிட்டு ஊர் போய்ச் சேரல. சாகற வரைக்கும் தமிழ்நாட்டுலயே இருந்தாங்க. ரோட்டோரமா வண்டியை நிறுத்தி, மரத்தடியில வைத்தியம் பாத்தாங்க.

அதுக்கும் முன்னாடி போங்க. நம்ம பக்கத்துப் பழைய கோயில்ல கல்வெட்டு படிச்சிருக்கீங்களா? திருவலம் கோயில் சுவரைப் போய்ப் பாருங்க, இடம் விடாம எழுத்து. நந்தா விளக்கு, அதாவது அணையாம எரியற விளக்கு, தானம்னா சோழர் காலத்துல எப்படி எழுதுவாங்க தெரியுமா? இன்னார் விளக்கு வெச்சார்னு மட்டும் இருக்காது. அந்த விளக்குக்கு 90 ஆடு, அந்த ஆட்டை வாங்கிக்கிட்ட இடையர் இன்னார், தினமும் உழக்கு நெய் ஊத்தணும், அவருக்குப் பிறகு அவர் வம்சத்தார் ஊத்தணும். சாவா மூவாப் பேராடுன்னு பேரு அதுக்கு. ஆடு செத்தா குட்டி கணக்குல வந்துரும், அதனால கூட்டம் சாகவும் சாகாது, கிழடும் ஆகாது. விளம்பரம்தான், கல்லுல வெட்டின விளம்பரம். ஆனா அந்த விளம்பரத்துக்குள்ளயே பராமரிப்புச் செலவும் இருந்துச்சு.

கொசப்பேட்டையார் பாத்த தகட்டுல கம்பெனி பேரு இருக்கு. தண்ணி ஊத்தற இடையர் பேரு எங்க?

ஆஃபீசர்ஸ்லைன் · இரவு 8.40

இது நல்ல பாயிண்ட். ஒத்துக்கறேன். கூண்டுக்குப் பணம் கேக்கும்போது ஆட்டுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கணும். ஆனா கேக்காதது நம்ம தப்பும்தான், விடமாட்டேன்.

கணியம்பாடி மருமக · இரவு 9.20

நான் படிச்சுட்டே இருந்தேன், எழுத வேணாம்னுதான் நினைச்சேன். எங்க மாமியார் நூறு நாள் வேலைக்குப் போறவங்க. நாகநதியில உறை இறக்கினாங்களே, அந்த வேலையில இருந்தாங்க. வறண்ட ஆத்துல கிணறு மாதிரி தோண்டி, சிமெண்ட் உறை இறக்கி, கல்லு போட்டு, மழைத் தண்ணி ஓடிப் போயிடாம பூமிக்குள்ள இறங்கற மாதிரி செய்யற வேலை. ஆயிரக்கணக்குல பொம்பளைங்க செஞ்சாங்க. 2021-ல பிரதமர்கூட ரேடியோவுல பேசினாரு. அதுக்குப் பின்னாடி ஒரு அமைப்பு இருந்துச்சு, அரசாங்கக் கூலி இருந்துச்சு, எல்லாம் இருந்துச்சு.

எங்க மாமியார் ஒண்ணு சொல்வாங்க: "நாங்க செஞ்ச வேலை மேல ஒரு புல்லு முளைச்சா எங்களுக்கே எடம் தெரியாது". எல்லாம் மண்ணுக்கு அடியில. போர்டு மாட்டணும்னா எதுல மாட்டறது? கிணத்துல தண்ணி மட்டம் ஏறினாத்தான் தெரியும், அதையும் பக்கத்துக் காட்டுக்காரன்தான் பாப்பான்.

அப்பத்தான் எனக்குத் தோணிச்சு. ஊருக்கு ரொம்பத் தேவையானதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கு. பாதாளச் சாக்கடை, நிக்கல்சன் கால்வாய்ல தூர் எடுக்கறது, டீச்சர் சொன்ன பினாயில். கால்வாய்க்குள்ள இறங்கி நின்னு யாரு போஸ் குடுப்பா? அதனாலதான் எல்லாக் கூண்டும் மெயின் ரோட்டுல இருக்கு. எங்க தெருவுல ஒரு கூண்டுகூட இல்லை. எங்க தெரு வழியா பஸ் போகாது.

எங்க மாமியார் செஞ்சது சேவைன்னு யாரும் சொல்லல, கூலின்னாங்க. டி-சர்ட் போட்டு ஒரு மணி நேரம் நின்னது சேவையாம். இதுல எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அவ்ளோதான்.

சத்துவாச்சாரி 2 · இரவு 9.55

2021 நவம்பர் வெள்ளத்தை யாரும் சொல்லலியே. தண்ணி இல்லாத ஆறுன்னு நம்மளைக் கேலி பண்ணின பாலாறு கரைபுரண்டு ஓடிச்சே. எங்க தெருவுல முழங்காலுக்கு மேல. முதல் ரெண்டு நாள் சோறு போட்டது யாரு? பள்ளிவாசல்லேர்ந்து அண்டா வந்துச்சு, மேல்மாடி இருந்த வீட்டுக்காரங்க எல்லாருக்கும் சேர்த்து உப்புமா கிண்டினாங்க, பசங்க லாரி டியூப்ல தள்ளிக்கிட்டுப் போய்க் குடுத்தாங்க.

மூணாம் நாள் கம்பெனிப் பொட்டலம் வந்தது. அரிசி, பருப்பு, எண்ணெ, மேல அவங்க ஸ்டிக்கர். வாங்கறவங்க பொட்டலத்தைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டிக்கர் தெரியற மாதிரி நிக்கணும். எங்க எதிர்வீட்டுப் பாட்டி, பீடி சுத்தற வீடு, வெள்ளத்துல இலை தூளு எல்லாம் போச்சு. அந்தப் பாட்டி கையை நீட்டிட்டு, கேமராவைப் பாத்ததும் கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிச்சு. "எம் புள்ள துபாய்ல கீறான், பாத்தான்னா அழுவான்"னுச்சு. பொட்டலம் வாங்கல. பின்னாடி அந்தத் தன்னார்வலர் பொண்ணு, காலேஜ் பொண்ணுதான், யாருக்கும் தெரியாம ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டுப் போய்ப் பாட்டி வீட்டுத் திண்ணையில வெச்சுட்டு வந்துச்சு. நான் மாடியிலேர்ந்து பாத்தேன்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். அதே வாரம் அடைச்சுக்கிட்டிருந்த மதகைத் திறக்க ஜேசிபி அனுப்பினது ஒரு முதலாளி. டீசல் போட்டு, டிரைவரையும் குடுத்தாரு. பேர் வெளிய வரவே இல்ல. அவர் யாருன்னு எனக்குத் தெரியும், நெறியாளர் சொன்னதால மட்டும் இல்ல, அவருக்கே பிடிக்காதுன்னு சொல்லாம விடறேன்.

கொசப்பேட்டைக்காரன் · மறுநாள் மாலை 5.30

எல்லாத்தையும் ராத்திரி படிச்சேன். தூக்கம் வரல. காலையில வார்டு ஆபீஸ்ல போய்க் கேட்டேன், அந்தக் கூண்டை வெட்டலாமான்னு. அங்க இருந்தவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "மரத்தை வெட்டினாத்தான் சார் கேஸு, கூண்டை வெட்டினா ஏன் கேக்கறீங்க"ன்னாரு. எழுத்துல தரமாட்டேன்னும் சொல்லிட்டாரு.

வெல்டிங் பட்டறைப் பையன் கட்டிங் மெஷினோட வந்தான். விடுதித் தம்பி ரெண்டு பேர் வந்தாங்க, காட்பாடியிலேர்ந்து பஸ் புடிச்சு. கம்பியை மரத்துக்கு ரெண்டு பக்கமும் வெட்டினோம். உள்ள புதைஞ்ச துண்டை எடுக்க முடியல. எடுத்தா பட்டை உரிஞ்சிரும்னு பையன் சொன்னான், அது உள்ளயே இருக்கட்டும், மரம் அதையும் மூடிக்கும்னான். மத்த 11 காலிக் கூண்டையும் என்ன பண்றதுன்னு ஐப்பசி வரட்டும், பாக்கலாம். டீ கப்பு கூண்டை மட்டும் காலி பண்ணினோம், மூணு மூட்டை.

போட்டோ எடுக்கலாமான்னு ஒரு தம்பி போனை எடுத்தான். அப்பறம் அவனே சிரிச்சுட்டு உள்ள வெச்சுக்கிட்டான்.

இப்ப அந்தக் கம்பெனித் தகடு என் வீட்ல இருக்கு. கெட்டியான தகடு, துருவே பிடிக்கல. எடைக்குப் போடவும் மனசு வரல, வெச்சுக்கவும் முடியல. யாருகிட்டக் குடுக்கறது?

லாங்குபஜார் ஆட்டோ · மாலை 5.44

நம்ம ஸ்டாண்டுக்கு எடுத்தாங்கோ சார். நேத்து இத்தெல்லாம் கடைக்காரருக்குப் படிச்சிக் காட்டினேன். வர்ற பங்குனிக்குப் பானை வெக்கறேன்னு கீறாரு. கீழ மண்ணு ஓதம், பானை அடி சீக்கிரம் வுட்டுப் போவுது. தகட்டைக் கவுத்துப் போட்டு மேல பானைய வெச்சிக்கறோம்.